அழுக்கு போகுமிடம்: தன்னைத்தானே கழுவும் வீட்டுச் சாதனங்களும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடமும்

தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் வீட்டுச் சாதனம் என்று சொல்லப்படும் எதுவும் மூன்று வேலைகளைச் செய்தாக வேண்டும். ஒட்டியிருக்கும் அழுக்கைப் பெயர்க்க வேண்டும். பெயர்த்ததை அங்கிருந்து நகர்த்த வேண்டும். நகர்த்தியதை வீட்டை விட்டு வெளியேற்ற வேண்டும். முடியாவிட்டால், யாராவது எடுத்துக் கொட்டும்வரை ஓரிடத்தில் சேர்த்து வைக்க வேண்டும். பெயர்ப்பதற்கு வெப்பம், அமிலம், சுழற்சி, உறைபனி, ஒளி என்று பல வழிகள் உண்டு. நகர்த்துவதற்குப் பெரும்பாலும் தண்ணீரே போதும். மூன்றாவது வேலையில்தான் கண்டுபிடிப்பாளர்கள் திரும்பத் திரும்பச் சறுக்கியிருக்கிறார்கள். விளம்பரங்கள் முதல் வேலையைப் பற்றி மட்டுமே பேசுவதற்கும் அதுவே காரணம்.

இத்தகைய சாதனங்கள் பெருமளவில் உருவாகும் இடங்களில் ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஸ்ரீபெரும்புதூரும், அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையில் உள்ள ஒரகடமும் சேர்ந்ததே இந்தத் தொழில்தடம். 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என்று இங்கே பூங்காக்களை அமைத்தது. கார், லாரி, கைபேசி ஆகியவற்றுக்கே இந்தத் தடம் பெயர் பெற்றது என்றாலும் வீட்டுச் சாதனங்களுக்கும் இங்கே கணிசமான இடமுண்டு. சாம்சங் 2007-இல் தொடங்கிய ஆலையில் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் தயாராகின்றன. பாஷ், சீமென்ஸ் ஆகிய பெயர்களில் சாதனங்கள் விற்கும் பி.எஸ்.எச். நிறுவனம் 2014-இல் இப்பகுதியில் வாஷிங் மெஷின் உற்பத்தியைத் தொடங்கியது. செயின்ட் கோபேன் நிறுவனத்தின் மிதவைக் கண்ணாடி ஆலை 2000 முதல் ஸ்ரீபெரும்புதூரில் இயங்குகிறது. சாம்சங்குக்குத் தாயகம் தென்கொரியாவின் சுவோன், பி.எஸ்.எச்.சுக்கு மியூனிக். சாதனத்தின் மூல வடிவம் பெரும்பாலும் அங்கெல்லாம் தீர்மானமாகிவிடுகிறது. அது புழங்கப் போகும் வீட்டின் தண்ணீரும் புழுதியும் சமையலும் இங்கே இருக்கின்றன. இந்த இடைவெளியை வைத்துப் பார்த்தால்தான் இச்சாதனங்கள் எங்கே வெல்கின்றன, எங்கே திணறுகின்றன என்பது விளங்கும்.

இந்தக் கனவை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர் ஃபிரான்சிஸ் கேப் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1915-இல் பிறந்த அவர், ஆரிகன் மாநிலத்தின் நியூபெர்க் ஊரில் தம் வீட்டையே தன்னைத்தானே கழுவும் இயந்திரமாகக் கட்டினார். 1984-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அறையின் கூரையில் பொருத்திய சுழல் தெளிப்பான் முதலில் சோப்புத் தண்ணீரைத் தெளிக்கும். பிறகு நல்ல தண்ணீர். கடைசியில் சூடான காற்று. அறைக்குள் நிற்பவர் மழைக்கோட்டும் குடையுமாக நின்றால் போதும். பாத்திர அலமாரியே பாத்திரம் கழுவும் பெட்டி. துணிகள் தொங்கவிட்ட இடத்திலேயே அலசப்பட்டு உலர்ந்தன. கேப் மற்ற கண்டுபிடிப்பாளர்களைவிட ஒருபடி மேலே சிந்தித்தது மூன்றாவது வேலையில்தான். தரை முழுவதையும் அவர் சரிவாக அமைத்தார். கழுவிய தண்ணீர் சரிவில் ஓடி, போகிற போக்கில் நாய்க்கூண்டையும் கழுவிக்கொண்டு வெளியேறியது. 2016-இல் தம் 101-வது வயதில் அவர் காலமானார். எந்த நிறுவனமும் அந்த வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. ஒரு வீடு முழுவதற்கும் முடியாததைத் தனித்தனிப் பெட்டிகளுக்குள் செய்து பார்ப்பதே இன்றைய தொழில்.

அந்தப் பெட்டிகளில் மிகவும் ஏமாற்றுவது வாஷிங் மெஷின். தினமும் சோப்பும் தண்ணீருமாகப் புழங்கும் கருவிக்குத் தனியாகச் சுத்தம் எதற்கு என்று தோன்றும். துளைகள் நிறைந்த எவர்சில்வர் டிரம் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அதற்கு வெளியே, தண்ணீரைத் தாங்கும் இன்னொரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கை நுழையாத ஓர் இடுக்கு. கரையாத சோப்புத்தூள், துணியிலிருந்து உதிரும் நூல் தும்பு, உடம்பின் எண்ணெய்ப் பசை எல்லாம் அங்கே படிகின்றன. குளிர்ந்த தண்ணீரில் துவைக்கும் வழக்கமுள்ள வீடுகளில் இந்தப் படிவு கரையாமல் தங்கிப்போய், நுண்ணுயிர்கள் குடியேறும் வழுவழுப்பான ஏடாக மாறுகிறது. முன்பக்கம் திறக்கும் மெஷினில் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் மடிப்பை விரலால் விரித்துப் பார்த்தால் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை தெரியும். கூடவே ஒரு ஹேர்பின்னும் ஐம்பது காசும் கிடைக்கும்.

இதற்குத் தயாரிப்பாளர்கள் தரும் விடை ‘டிரம் கிளீன்’ சுழற்சி. துணி போடாமல் மெஷினை ஓட்ட வேண்டும். உள்ளே ஹீட்டர் உள்ள மெஷின் தண்ணீரை 60 டிகிரிக்கு மேல் சூடாக்கி, டிரம்மை வேகமாகச் சுழற்றி, இடுக்கில் உள்ள படிவின் மீது வெந்நீரை வீசியடிக்கிறது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் துவைத்து முடித்ததும் விளக்கு எரிந்து நினைவூட்டும் மெஷின்களும் உண்டு. மேற்பக்கம் திறக்கும் மெஷின்களில் பலவற்றில் ஹீட்டர் கிடையாது. அவை சுழற்சியின் வேகத்தையும் தண்ணீரின் அளவையுமே நம்புகின்றன. பெயர் ஒன்றுதான், நடக்கும் வேலை வேறு. வாங்குபவர் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஹீட்டர் இருக்கிறதா என்பதே.

வெப்பத்துக்குப் பதிலாக நஞ்சை நாடிய முயற்சியும் நடந்தது. 2000-களின் தொடக்கத்தில் சாம்சங் வெள்ளி அயனிகளை அலசும் தண்ணீரில் கலக்கும் மெஷின்களை விற்றது. நுண்ணுயிர்களைக் கொல்லும் திறன் வெள்ளிக்கு உண்டு என்பது பழைய அறிவு. வெள்ளித் தகட்டில் மின்சாரம் செலுத்தினால் அயனிகள் பிரியும். அந்த அயனிகள் துவைத்த தண்ணீரோடு சாக்கடைக்குப் போகுமே, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நல்ல பாக்டீரியாக்களை அவை என்ன செய்யும் என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2007-இல், கிருமிகளைக் கொல்ல அயனி உண்டாக்கும் இத்தகைய மெஷின்களைப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. வீட்டுக்குள் பார்த்தால் வெற்றி. சாக்கடையில் பார்த்தால் சிக்கல்.

இதைவிட நேர்மையான வழி ஜப்பானில் ஷார்ப் நிறுவனம் கையாண்டது. அந்த டிரம்மின் பக்கச் சுவரில் துளையே இல்லை. துளை இல்லாததால், வெளித்தொட்டியின் படிவு துணியைத் தொட வழியில்லை. இரண்டுக்கும் நடுவே வீணாகத் தண்ணீர் நிற்பதும் இல்லை. பிழியும்போது தண்ணீர் சுவரோடு ஏறி விளிம்பின் வழியாக வெளியேறுகிறது. அழுக்கு சேரும் இடத்தைக் கழுவுவதைவிட, அந்த இடமே இல்லாமல் செய்வது மேலான கண்டுபிடிப்பு. விளம்பரத்தில் காட்டுவதற்கு அதில் ஒன்றுமில்லை என்பதாலோ என்னவோ, அது பரவலாகவில்லை.

தண்ணீரின் குணம் இந்தக் கதையைத் தமிழ்நாட்டில் இன்னும் சிக்கலாக்குகிறது. போர்த் தண்ணீரில் கால்சியம், மக்னீசிய உப்புகள் மிகுதி. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 200 மில்லிகிராமையும், வேறு வழியில்லாத இடத்தில் 600 மில்லிகிராமையும் வரம்பாக வைக்கிறது. சென்னையின் புறநகரில் குழாயைச் சுற்றிப் படியும் வெள்ளைப் பூச்சைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று விளக்க வேண்டியதில்லை. இத்தகைய தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் சிதைந்து, சுண்ணாம்பாக ஹீட்டரின் மேல் ஒட்டிக்கொள்கிறது. மெஷினைக் கழுவுவதற்காகச் சூடாக்கும் தண்ணீரே மெஷினுக்குள் புதிய படிவை உண்டாக்குகிறது. மியூனிக்கின் தண்ணீரும் கடினமானதுதான். ஆனால் ஒரே வீட்டுக்கு ஒரு மாதம் மெட்ரோ தண்ணீர், அடுத்த மாதம் லாரித் தண்ணீர், அதற்கடுத்து போர்த் தண்ணீர் என்று மாறி மாறி வருவது சென்னையில் வழக்கம். நிலையான தண்ணீருக்கு எழுதிய நிரல் இங்கே தடுமாறும்.

சுண்ணாம்பைக் கரைப்பது அமிலம். கடைகளில் விற்கும் படிவு நீக்கித் தூள்களில் பெரும்பாலும் சிட்ரிக் அமிலமே இருக்கிறது. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்த பாட்டி செய்ததும் இதே வேதியியல்தான். அங்கே டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைத்தது. பாத்திரம் கழுவும் இயந்திரம் இன்னொரு வழியில் போகிறது. ஜோசஃபின் காக்ரன் 1886-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இயந்திரத்தின் இன்றைய வாரிசுகள் பலவற்றில், அயனி மாற்றும் பிசின் மணிகள் நிறைந்த ஒரு சிறு அறை உண்டு. தண்ணீரில் உள்ள கால்சியத்தை அவை பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிறைந்துபோனால் உப்புக் கரைசல் பாய்ந்து அவற்றைக் கழுவி மீட்கும். தன்னைத்தானே கழுவும் கருவி என்ற பெயருக்கு உண்மையிலேயே உரியது இந்தச் சிறு அறைதான். அதிலும் உப்பைக் கொட்டுவது வீட்டில் உள்ள ஒருவர்.

இதைப் போன்ற சுத்திகரிப்பு இந்தத் தொழில்தடத்துக்காக நகர அளவில் நடக்கிறது. கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4 கோடியே 50 லட்சம் லிட்டர் திறனுள்ள எதிர்ச்சவ்வூடு பரவல் ஆலை ஒன்று இயங்குகிறது. சென்னையின் கழிவுநீரை மூன்றாம் நிலைவரை சுத்திகரித்து, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குக் குழாயில் அனுப்புகிறது. சென்னை வீடுகளின் வாஷிங் மெஷின்கள் கொட்டிய தண்ணீரில் ஒரு பங்கு, வாஷிங் மெஷின் செய்யும் தொழிற்பேட்டைக்கே திரும்பி வருகிறது. அந்த ஆலையின் சவ்வுகளிலும் படிவு சேரும். அவற்றையும் முறை வைத்துக் கழுவியாக வேண்டும்.

ஏ.சி.யின் கதை இதைவிடச் சுருக்கமானது. உள்ளிருக்கும் குளிர்ச்சுருளின் மேல் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படிகிறது. ஈரத்தில் தூசி ஒட்டுகிறது. நிறுத்திய பிறகு அந்த ஈரத்திலேயே பூஞ்சை வளர்கிறது. ‘ஆட்டோ கிளீன்’ என்ற பொத்தான் பல மாடல்களில் செய்வது ஒன்றுதான்: நிறுத்திய பின்னும் சில நிமிடங்கள் விசிறியை ஓட்டிச் சுருளை உலர்த்துகிறது. அது சுத்தம் செய்வதல்ல, அழுகாமல் காப்பது. 2003-இல் ஜப்பானின் ஃபுஜித்சு ஜெனரல், வடிகட்டியைத் தானே துலக்கும் ஏ.சி.யைக் கொண்டுவந்தது. 2017-இல் ஹிட்டாச்சி உறைபனி முறையை அறிமுகப்படுத்தியது. சுருளைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்வித்தால் காற்றின் ஈரம் அதன் மேல் பனியாக உறையும். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும். உறைந்த பனியைச் சட்டென்று உருக்கினால் அது தூசியை ஏந்திக்கொண்டு வடிகுழாய் வழியே ஓடும். இந்த முறைக்கு வேண்டிய கச்சாப்பொருள் காற்றின் ஈரம். கடற்கரை நகரமான சென்னையில் அதற்குப் பஞ்சமில்லை. எனினும் கனரக வாகனப் புகையும் தாளிப்பு எண்ணெயும் கலந்து இறுகிய தூசிக்குப் பனி போதாது. கோடை தொடங்குமுன் மெக்கானிக் வருகிறார். ஏ.சி.க்குக் கீழே பிளாஸ்டிக் உறையைக் கட்டி, சிறு பம்பால் தண்ணீரைப் பீய்ச்சுகிறார். உறையின் முனையிலிருந்து வாளியில் விழும் தண்ணீர் கறுப்பாக இருக்கிறது.

ஃப்ரிட்ஜ்தான் இந்த வகையில் மூத்தது. பழைய ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜில் உறைபனியை நீக்க மின்சாரத்தை நிறுத்திவிட்டு, துணியும் கிண்ணமுமாக உட்கார வேண்டும். கத்தியால் சுரண்டிக் குழாயைக் குத்திவிட்ட வீடுகள் ஏராளம். உறைபனியில்லா ஃப்ரிட்ஜ், சுருளின் அருகே ஒரு சிறு ஹீட்டரை வைத்து, அவ்வப்போது பனியைத் தானாக உருக்குகிறது. உருகிய நீர் குழாய் வழியே பின்புறம் இறங்கி, கம்ப்ரசர் பக்கம் உள்ள தட்டில் விழுகிறது. கம்ப்ரசரின் சூட்டில் ஆவியாகிறது. காகிதத்தில் குறையற்ற வடிவமைப்பு. ஆனால் ஈரப்பதம் மிகுந்த நாட்களில் தட்டு நீர் முழுவதும் ஆவியாவதில்லை. தேங்கிய நன்னீரில் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். டெங்குத் தடுப்புக்காக வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர் மொட்டைமாடித் தொட்டியையும் பழைய டயரையும் பார்ப்பதோடு ஃப்ரிட்ஜை நகர்த்திப் பின்தட்டையும் பார்க்கிறார். கண்டுபிடிப்பாளர் ஒழித்த வேலை, அவர் நினைத்துப் பார்க்காத ஒருவருடைய அன்றாடப் பணியாக மாறிவிட்டது. எளிதில் உருவிக் கழுவக்கூடிய தட்டைப் பின்புறத்துக்குப் பதில் முன்புறமே வைப்பது ஒன்றும் பெரிய பொறியியல் அல்ல.

தேய்க்காமலே, தானாகவே சுத்தமாகும் பரப்பு என்பது அறிவியலாளர்களை இன்னும் ஆழமாக ஈர்த்த கனவு. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்பது தமிழில் வாழ்க்கைக்கே உவமையான செய்தி. ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் அதன் நுட்பத்தைக் காட்டினார். இலைமேல் உள்ள நுண்ணிய மேடுகளும் மெழுகும் நீர்த்துளியை உருண்டையாகவே நிறுத்துகின்றன. உருளும் துளி தூசியையும் பொறுக்கிக்கொண்டு போகிறது. 1997-இல் அவரும் கிறிஸ்டோஃப் நைன்ஹைசும் எழுதிய கட்டுரைக்குப் பின் இது உலகறிந்தது. அடுப்பங்கரைக்கு இந்தப் பாடம் அப்படியே பொருந்தாது. எண்ணெயின் பரப்பு இழுவிசை தண்ணீரினுடையதைவிடக் குறைவு. அது மேடுகளுக்கிடையே இறங்கிவிடும். ஸ்டீல் நாரால் ஒரு முறை தேய்த்தால் மேடுகளே போய்விடும். இலை வளர்ந்துகொண்டே இருக்கிறது, மெழுகு புதிதாகச் சுரக்கிறது. சிம்னியின் தகடு வளர்வதில்லை.

கண்ணாடியில் இன்னொரு வழி பலித்தது. ஜப்பானில் அகிரா ஃபுஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் 1972-இல், டைட்டானியம் டைஆக்சைடு ஒளி பட்டால் நீரைப் பிளக்கும் என்று நேச்சர் இதழில் அறிவித்தார்கள். அதே பொருள் புறஊதாக் கதிர் பட்டால் தன் மேல் ஒட்டிய கரிமப் பசையைச் சிதைக்கும். தண்ணீரைத் துளியாக நிற்கவிடாமல் ஏடாகப் பரப்பும். 2001-இல் பிரிட்டனின் பில்கிங்டன் இந்தப் பூச்சுள்ள சன்னல் கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. செயின்ட் கோபேனும் உலகச் சந்தையில் பயோக்ளீன் என்ற பெயரில் இத்தகைய கண்ணாடியை விற்றது. வெயிலும் மழையும் சேர்ந்து வேலை செய்யும் கண்ணாடி இது. அதனால் கட்டடத்தின் வெளிச்சுவருக்குப் பொருந்தும். ஃப்ரிட்ஜின் உள்தட்டுக்குப் பொருந்தாது. அங்கே வெயிலும் இல்லை, மழையும் இல்லை. சிந்திய தயிரைத் துணியால்தான் துடைக்க வேண்டும்.

அடுப்புக்கு வெப்பமே சரியான ஆயுதம். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் 1963-இல் அறிமுகப்படுத்திய அவன், கதவைப் பூட்டிக்கொண்டு 450 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடேறி, சிந்திய கொழுப்பை எரித்துச் சாம்பலாக்கியது. அவ்வளவு சூட்டைத் தாங்கத் தடித்த காப்புறை தேவைப்பட்டது. அதனால் வழக்கமான சமையலிலும் வெப்பம் வீணாகாமல் நின்றது என்பது எதிர்பாராத நன்மை. இந்தியச் சமையலறையில் அவனைவிடச் சிம்னிக்கே வேலை அதிகம். ‘ஆட்டோ கிளீன்’ சிம்னி, உள்ளே படிந்த எண்ணெயை ஹீட்டரால் இளக்கி அடிக்கிண்ணத்தில் வடிக்கிறது. கடுகு வெடிக்கக் காய்ந்த எண்ணெயும் மிளகாய் நெடியும் மஞ்சளும் சேர்ந்தால் வடிவது எண்ணெயல்ல, பிசின். கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுவது யார் என்பதைப் பயனர் கையேடு சொல்வதில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் அதில் செலவிட்டார்கள். வீட்டுச் சாதனங்கள் பெண்ணின் வேலையைக் குறைக்காமல் அதன் வடிவத்தை மட்டும் மாற்றின என்று அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் தம் நூலில் வாதிட்டார். அவர் பேசியது அமெரிக்க வீடுகளைப் பற்றி. தமிழ் வீட்டில் அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கச் சரியான கருவி கிரைண்டர்.

ஆட்டுக்கல்லில் உரல் நிற்கும், குழவி சுற்றும். 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி உருவாக்கிய மின் கிரைண்டரில் உரல் சுற்றியது, குழவி நின்றது. கை வலி போயிற்று. கழுவும் வேலை அப்படியே இருந்தது. ஆணியடித்தாற்போல் நின்ற அந்தக் கனத்த கல்லிலிருந்து மாவை வழித்தெடுத்து, பிறகு தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரையும் கையாலோ துணியாலோ முகந்தெடுக்க வேண்டும். அடுத்து வந்த சாய்க்கும் கிரைண்டர் அந்த முகக்கும் வேலையை ஒழித்தது. மேசைமேல் வைக்கும் கிரைண்டரில் பாத்திரத்தையே கழற்றிக் குழாயடிக்குக் கொண்டுபோக முடிந்தது. அரைக்கும் நுட்பத்தைவிடக் கழுவும் வசதியே ஒவ்வொரு கட்டத்திலும் வாங்குபவரை இழுத்தது. தமிழக அரசு 2011 முதல் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறியை வழங்கியபோது, இந்தக் கருவிகள் கழுவும் தண்ணீருக்கே வரிசையில் நிற்கும் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன.

அந்த வீடுகளில் ஒரு வழக்கம் முன்பே இருந்தது. மாவை எடுத்ததும் கிரைண்டரில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி ஒரு சுற்று ஓடவிடுவார்கள். கல்லில் ஒட்டியது கரைந்து வரும். அந்தத் தண்ணீரை மாவிலேயே சேர்த்துப் பதம் பார்த்துக் கரைப்பார்கள். மிக்சியில் தேங்காய் அரைத்தால் ஜாரை அலசிய தண்ணீர் குழம்புக்குப் போகும். மூன்று வேலைகளும் இங்கே முடிந்துவிடுகின்றன: சுழற்சி பெயர்க்கிறது, தண்ணீர் நகர்த்துகிறது, பெயர்ந்தது கழிவாகாமல் உணவாகிறது. சாக்கடைக்கு எதுவும் மிச்சமில்லை. எந்தக் காப்புரிமையிலும் இல்லாத இந்த நிரலை ஒரு பொத்தானாக்கி, அளவான தண்ணீரைத் தானே விட்டு, உரலைத் திருப்பிச் சுற்றவைக்கும் கிரைண்டரைச் செய்வதற்கு வேண்டிய மோட்டாரும், மின்னணுப் பலகையும், பிளாஸ்டிக் வார்ப்பும், தகடு அழுத்தும் கூடங்களும் இந்தத் தொழில்தடத்தில் ஏற்கெனவே இருக்கின்றன.

வடிவமைப்பில் தீராத கணக்கு இன்னும் ஒன்று உண்டு. குழவிகளைத் தாங்கும் தண்டில், மூடியும் தண்டும் சேரும் இடத்தில், மாவு தள்ளியின் திருகில் மாவு நுழைகிறது. அரை மணி நேரம் விட்டால் உளுந்தின் பசை இறுகி, சிமெண்டைப் போல் பிடித்துக்கொள்கிறது. மறுநாள் அது புளித்து நாறும். அதைக் குடைந்தெடுக்க, குழாயடியின் மாடத்தில் ஒரு பழைய டூத் பிரஷ் செருகி வைக்கப்பட்டிருக்கிறது.